ஆம்ப் வாங்கும் முன்: ஓப்பன் பேக் ஹெட்போன் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

"அண்ணே, பதினஞ்சாயிரம் போட்டு வாங்கின ஹெட்போன், சத்தமே பத்தல. ஆம்ப் வாங்கணுமாமே?" கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கத்திலிருந்து என் மேசைக்கு வரும் ஓப்பன் பேக் (முதுகு திறந்த) ஹெட்போன்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியோடுதான் வருகின்றன. ஊருக்கு வந்த மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது, ஆன்லைனில் தள்ளுபடியில் எடுத்தது, யாரோ விற்றதை வாங்கியது என்று எல்லா ரகமும் வரும். அவற்றில் உண்மையாகவே ஆம்ப் தேவைப்படுபவை கொஞ்சம்தான். மிச்சத்தில் கடற்காற்றில் களிம்பு பிடித்த செருகு பின் இருக்கும், போனுக்குள் ஒளிந்திருக்கும் செட்டிங் இருக்கும், அமுங்கிப்போன குஷன் இருக்கும்.

ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் பெட்டி, செய்யக்கூடிய வேலை இரண்டு. உடையாமல் சத்தத்தைக் கூட்டும்; ஹெட்போனின் ஓம் (மின்சாரத்துக்கு அது காட்டும் தடை) ஏறி இறங்கினாலும் ஒலியின் வடிவம் மாறாமல் பார்த்துக்கொள்ளும். உங்கள் குறை இந்த இரண்டில் அடங்காவிட்டால் ஆம்ப் அதைத் தீர்க்காது. எனவே கீழே உங்கள் அறிகுறியைத் தேடி, அங்கிருந்து வரிசையாக இறங்கி வாருங்கள். செலவில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில்.

கையில் வேண்டியவை: நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த வேறொரு இயர்போன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக்குச்சி, டார்ச், முடிந்தால் ஒரு மல்டிமீட்டர்.

## சத்தம் போதவில்லை

### முதலில் போனுக்குள்

உங்கள் இயர்போனை அதே போனில், அதே பாட்டுக்குப் போட்டுப் பாருங்கள். அதிலும் சத்தம் குறைவு என்றால் ஹெட்போன் மேல் குற்றமில்லை. ஆண்ட்ராய்டு போன் பலவற்றில் மீடியா வால்யூமுக்கு வரம்பு வைக்கும் செட்டிங் உண்டு; வீட்டில் பிள்ளைகள் போனை எடுத்தால் அது எப்படியோ ஆன் ஆகிவிடும். பாட்டு ஆப்பில் எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் நார்மலைசேஷன் இருக்கிறதா என்று பாருங்கள், அதை 'குவயட்'டில் வைத்திருந்தால் கணிசமாகக் குறையும். ஈக்வலைசரில் ப்ரீஆம்ப் (மொத்தச் சத்தத்தின் அளவு) கீழே இறங்கிக் கிடந்தாலும் இதே கதைதான்.

டாங்கிள் (போனின் சார்ஜ் துளையில் செருகி ஹெட்போன் மாட்டும் சின்ன இணைப்பான்) வழியாகக் கேட்கிறீர்கள் என்றால் இன்னொன்று. ஆப்பிள் டைப்-சி டாங்கிளை ஆண்ட்ராய்டு போனில் போட்டால் முழு சத்தம் வராது என்பது ஹெட்போன்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். டாங்கிளுக்குள் இருக்கும் வால்யூமை ஆண்ட்ராய்டு முழுதாக ஏற்றுவதில்லை. அதே டாங்கிளை லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். அங்கே சத்தம் நன்றாக வந்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். யூ.எஸ்.பி. டாங்கிளை நேரடியாகக் கையாளும் பாட்டு ஆப் ஒன்றைப் போட்டாலும் தீரும்.

### அப்புறம் செருகும் பின்

செருகும் பின்னை டார்ச் அடித்துப் பாருங்கள். தங்க முலாம் போன இடத்தில் பச்சைக் களிம்போ கருப்போ தெரிந்தால் பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். நம் கரையோரத்தில் இது ஒரு மழைக்காலத்துக்குள் வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். போனின் துளைக்குள் பஞ்சு நூலும் மணலும் சேர்ந்திருந்தால் பின் முழுதாக இறங்காது. போனை அணைத்துவிட்டு மரக் குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி ஆகாது.

### உட்கார்ந்து கேட்கும் இடம்

இதை யாரும் யோசிப்பதில்லை. ஓப்பன் பேக்கின் முதுகில் இருக்கும் கம்பி வலை அலங்காரத்துக்கு வைத்ததில்லை, இரு பக்கமும் ஒலி போய்வரும் வழி அது. ஃபேன், ஜெனரேட்டர், பக்கத்து ஐஸ் பிளாண்ட், ஆடி மாதத்துக் கச்சான் காற்று எல்லாம் அதே வழியில் உள்ளே வரும். பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைக்கும் காற்றில் மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டு சத்தம் போதவில்லை என்றால் எந்த ஆம்பும் உதவாது. ராத்திரி ஃபேனை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, ஒரு பாட்டு கேட்டுப் பாருங்கள். அப்போது போதுமான சத்தம் இருந்தால் குறை அறையில்தான். துறைமுகத்துக்கோ மீன் ஏலம் விடும் இடத்துக்கோ பக்கத்தில் வீடு என்றால் ஓப்பன் பேக்கே வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். மூடிய ஹெட்போனோ காதுக்குள் செருகும் இயர்போனோ பாதி விலையில் அதிக நிம்மதி தரும்.

### பெட்டியில் இருக்கும் இரண்டு எண்

மேலே சொன்னது எதுவும் இல்லை, சத்தம் இன்னும் குறைவு. இப்போதுதான் கணக்குப் பார்க்க வேண்டிய நேரம். பெட்டியில் ஓம் என்று ஒரு எண்ணும் டெசிபல் (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) என்று ஒரு எண்ணும் இருக்கும். ஓமை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாதாரண போன் ஜாக்கும் எளிய டாங்கிளும் அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் வரை தரும். அதை வைத்துப் பார்ப்போம். பிலிப்ஸ் எஸ்.எச்.பி. 9500 என்பது 32 ஓம், 101 டெசிபல். அரை வோல்ட்டிலேயே உச்சத்தில் 110 டெசிபல் வரை போகும். அதற்கு ஆம்ப் வாங்குவது காசுக்குக் கேடு. சென்ஹைசர் எச்.டி. 560 எஸ் என்பது 120 ஓம். ஓம் கூடுதலாகத் தெரிந்தாலும் ஒரு வோல்ட்டுக்கு 110 டெசிபல் என்பதால் அரை வோல்ட்டிலும் 104 வரும். அதற்கும் வேண்டாம்.

சென்ஹைசர் எச்.டி. 650க்கு வாருங்கள். 300 ஓம், ஒரு வோல்ட்டுக்கு 103 டெசிபல். அரை வோல்ட்டில் உச்சம் 97தான். பேயர்டைனமிக் டி.டி. 990 ப்ரோ 250 ஓம் கிட்டத்தட்ட இதே இடத்தில் நிற்கும்: அரை வோல்ட்டில் 96, ஒரு வோல்ட்டில் 102. புது சினிமாப் பாட்டு கேட்பவருக்கு இது போதும், ஏனென்றால் அவை எல்லாம் உச்சத்துக்குப் பக்கத்திலேயே அடைத்துப் பதிவு செய்யப்பட்டவை. பழைய கச்சேரிப் பதிவு, ஆலாபனை, மேடையில் எடுத்த நாகசுரம் கேட்பவருக்குப் போதாது. அந்தப் பதிவுகளில் சராசரி சத்தம் உச்சத்தை விட ரொம்பக் கீழே இருக்கும். வால்யூமை முழுக்க ஏற்றியும் பாடகர் தூரத்தில் நிற்பார். இவர்களுக்கு ஆம்ப் நியாயமான செலவு. அதிலும் மேசை ஆம்ப்தான் வேண்டும் என்றில்லை. 2 வோல்ட் தரும் டாங்கிள் இருந்தால் எச்.டி. 650 உச்சத்தில் 109 டெசிபல் தொடும்.

ஓம் குறைவாக இருப்பது மட்டும் நல்ல சகுனம் இல்லை. ஹைஃபைமேன் எச்.இ. 400 எஸ்.இ. 25 ஓம்தான், ஆனால் டெசிபல் 91. மேலே சொன்ன பிலிப்ஸ் தரும் அதே சத்தத்துக்கு இதற்குப் பத்து மடங்கு பவர் வேண்டும். ஒலி எழுப்பும் டிரைவர் தட்டையான பிளானர் வகையாக உள்ளவற்றில் இப்படி நிறைய உண்டு. வோல்ட் இருந்தாலும் கரண்ட் தர முடியாத சின்ன டாங்கிள் இங்கே திணறும்.

ஒரு எச்சரிக்கை. டெசிபலை சில நிறுவனங்கள் ஒரு வோல்ட்டுக்கும், சில ஒரு மில்லிவாட்டுக்கும் போடும். 300 ஓம் ஹெட்போனில் இந்த இரண்டுக்கும் 5 டெசிபல் வித்தியாசம். எதற்குப் போட்டிருக்கிறது என்று பார்க்காமல் இரண்டு பெட்டியை ஒப்பிடாதீர்கள்.

### இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லையா

ஆம்ப் போட்டாச்சு, அறை அமைதி, பின் சுத்தம். பக்கத்தில் இருப்பவர் தலையில் மாட்டிப் பார்த்து "யப்பா, காது கிழியுது" என்கிறார், உங்களுக்கு மட்டும் போதவில்லை. இது ஹெட்போன் கடைக்கு வர வேண்டிய கேஸ் இல்லை. காதில் குரும்பி அடைத்திருக்கலாம். விசைப்படகில் இன்ஜின் பக்கமே பல வருஷம் நின்றவர்களுக்குக் காது மந்தமாகியிருக்கலாம். இந்தக் கரையில் அது அரிதில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். கேட்டு முடித்தபின் காதில் 'ங்ஙொய்' என்ற சத்தம் நிற்காவிட்டால் காத்திருக்காமல் போங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபல். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும்.

## பாட்டில் இசை வருகிறது, குரலைக் காணோம்

கேட்டவுடன் பேய் பிடித்தது போல இருக்கும். வயலினும் எக்கோவும் எங்கோ சுற்றும், நடுவில் பாடுபவர் மட்டும் இருக்க மாட்டார். ஆட்கள் இதை "கரோக்கி ஆயிருச்சு" என்பார்கள். இடது வலது இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் ஒயர் தொடர்பு விட்டிருக்கிறது. அப்போது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கேட்கும். குரல் இரு பக்கமும் ஒன்றாக இருப்பதால் கழிந்துபோகிறது.

பின்னை இன்னும் ஒரு தள்ளு தள்ளுங்கள். போன் கவர் தடிமனாக இருந்தால் கழற்றிவிட்டுத் தள்ளுங்கள். இந்தக் கோளாறில் வந்தவற்றை நான் கவரைக் கழற்றியே கொடுத்தனுப்பியதுண்டு, கட்டணம் ஒரு டீ. அதிலும் வராவிட்டால் பின்னின் அடிப்பகுதி வளையத்தைத் துடையுங்கள். கிரவுண்ட் அங்கேதான் இருக்கிறது, களிம்பும் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

6.3 மில்லிமீட்டர் பெரிய பின்னுக்கு மாற்றும் அடாப்டர் போட்டிருந்தால் அதைக் கழற்றி நேராகச் செருகிப் பாருங்கள். கேபிளைச் செருகும் பின்னை ஒட்டிய இடத்தில் வளைத்துப் பிடிக்கும்போது குரல் வந்து வந்து போனால் உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது. கழற்றும் கேபிள் என்றால் புதுசு வாங்குவதுதான் மலிவு. டி.டி. 990 ப்ரோ மாதிரி கேபிள் உடம்போடு சேர்ந்தது என்றால் பின்னை வெட்டிப் புதுப் பின் ஈயம் வைக்க வேண்டும். ஈயம் வைத்துப் பழக்கம் இல்லாதவர் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஒயர்கள் அரக்குப் பூசிய மெல்லிசு இழைகள்; சூடு சரியாகப் படாமல் வைத்த ஈயம் ஒட்டாது.

## ஒரு பக்கம் குறைவு, அல்லது ஒரு பக்கமே இல்லை

ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். குறைவு அதே காதிலேயே நின்றால் மேலே சொன்ன மருத்துவரிடம் போங்கள். குறைவு ஹெட்போனோடு நகர்ந்தால் தொடருங்கள்.

போனில் ஒலி பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள், அணுகல்தன்மை செட்டிங்கில் ஒளிந்திருக்கும். வேறு போனில் போடுங்கள்.

ஆம்ப் வைத்திருப்பவர் ஒன்று கவனிக்க வேண்டும். வால்யூம் குமிழைக் கீழே வைத்தால் ஒரு பக்கம் குறைவு, ஏற்றினால் சரியாகிவிடுகிறது. இது கோளாறு இல்லை. திருகும் குமிழ்கள் பலவற்றில் ஆரம்பப் பகுதியில் இரு பக்கமும் ஒத்துப்போகாது. கெயினை (ஆம்ப் எவ்வளவு பெருக்குகிறது என்பதை) 'லோ'வில் வையுங்கள், அல்லது போனில் சத்தத்தைக் குறைத்துக் குமிழை மேலே கொண்டுவாருங்கள். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் அதற்குள்ளும் நம் உப்புக்காற்று போய்விட்டது. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகும்.

எச்.டி. 600, 650 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. காதை மூடும் இரண்டு கோப்பையிலும் கேபிள் தனித்தனியாகக் கழலும். இடது பின்னை வலதிலும் வலதை இடதிலும் செருகுங்கள். குறைவு பக்கம் மாறினால் கேபிளோ போனோ. மாறாவிட்டால் கோப்பைக்குள்.

மல்டிமீட்டர் இருந்தால் ஹெட்போனை எல்லாவற்றிலிருந்தும் பிடுங்கிவிட்டு, காதில் மாட்டாமல், பின்னின் நுனிக்கும் அடி வளையத்துக்கும் ஓம் பாருங்கள். அது இடது. நடு வளையத்துக்கும் அடி வளையத்துக்கும் வலது. இரண்டும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். ஒன்று 300, இன்னொன்று எண்ணே காட்டவில்லை என்றால் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது டிரைவரின் 'காயில்' எனும் கம்பிச் சுருள் அறுந்திருக்கிறது. கேபிள் மாற்றியும் அப்படியே என்றால் காயில்தான். காயிலுக்கு ரிப்பேர் கிடையாது, டிரைவர் மாற்ற வேண்டும். வாரண்டி இருந்தால் இங்கே கையை எடுத்துவிடுங்கள், ஒரு ஸ்க்ரூவைக் கூடத் திறக்காதீர்கள். வெளிநாட்டில் வாங்கியது என்றால் வாங்கிய நாட்டின் வாரண்டி இங்கே செல்லுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல சமயம் செல்லாது.

## பேஸ் இல்லை

கேள்வியை இரண்டாகப் பிரிப்போம்: முதலிலிருந்தே இல்லையா, இருந்தது போய்விட்டதா?

### இருந்தது போய்விட்டது

குஷனைப் பாருங்கள். இரண்டு வருஷம் வியர்வை பட்ட குஷன் தட்டையாகி, காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரம் குறைந்திருக்கும். சுற்றிலும் இடைவெளி விட்டிருக்கும். கோப்பையை இரண்டு கையாலும் லேசாகத் தலையோடு அழுத்துங்கள். பேஸ் திரும்பி வந்தால் குஷன் மாற்றுங்கள், வேறு எதுவும் தேவையில்லை. மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவர் கழற்றிவிட்டும் ஒரு தடவை கேளுங்கள். வெளி நிறுவனத்து மலிவுக் குஷன் போட்டால் ஒலியே வேறாகிவிடும். தோல் குஷனுக்குப் பதில் வெல்வெட், வெல்வெட்டுக்குப் பதில் தோல் போட்டாலும் அப்படித்தான். கூடுமானவரை அதே மாடலுக்கு உரியதை வாங்குங்கள்.

ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கியபின் போய்விட்டதா? அப்படியென்றால் ஒரு பக்கத்தில் இரண்டு ஒயரையும் மாற்றி ஈயம் வைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு டிரைவர் முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும். குரல் தலைக்கு நடுவில் நிற்காமல் இரண்டு காதிலும் ஒட்டிக்கொண்டது போல இருக்கும். மோனோ பதிவு ஒன்றைப் போட்டால் உடனே தெரியும், பழைய கருப்பு வெள்ளைப் படத்துப் பாட்டு எதுவும் இதற்குப் போதும். ரிப்பேர் செய்தவரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள், ஐந்து நிமிட வேலை.

### முதலிலிருந்தே இல்லை

ஓப்பன் பேக்கில் சாதாரண டிரைவர் உள்ளவை அடி பேஸில் சரிந்துதான் இறங்கும். முதுகு திறந்திருப்பதன் விலை அது. இதற்கு ஆம்ப் வாங்குவது ஊற்று இல்லாத கிணற்றுக்குப் பெரிய மோட்டார் போடுவது. ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 முதல் 6 டெசிபல் ஏற்றுங்கள். எவ்வளவு ஏற்றினீர்களோ அவ்வளவு ப்ரீஆம்பைக் குறையுங்கள். குறைக்காவிட்டால் ஒலி உடையும். இப்படிக் குறைத்ததும் மொத்தச் சத்தம் போதாமல் போனால், அப்போது ஆம்புக்கு ஒரு நியாயம் வருகிறது. பறை, தவில், குத்துப்பாட்டுதான் உங்கள் ஆசை என்றால் பிளானர் பக்கம் போங்கள், அல்லது மூடிய ஹெட்போனையே எடுங்கள்.

## ஆம்ப் போட்டதும் பேஸ் பொதபொதவென்று ஆகிவிட்டது

வீட்டில் கிடந்த பழைய ஸ்டீரியோ ரிசீவரில் ஹெட்போன் துளை இருந்தது, செருகினேன் என்பார்கள். அந்தக் காலத்து ரிசீவர்கள் பலவற்றில் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியைப் பெரிய ரெசிஸ்டர் வழியாக ஹெட்போன் துளைக்குக் கொடுத்திருப்பார்கள், நூறு ஓமுக்கு மேலும் இருக்கும். எச்.டி. 600, 650 போன்றவற்றில் பேஸ் இருக்கும் இடத்தில் ஓம் தானாகவே ஏறுவதால் அங்கே மட்டும் ஒலி வீங்கும். வால்வு ஆம்ப் சிலவற்றிலும் இதேதான். சிலருக்கு அது பிடிக்கிறது, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பிடிக்காதவர்களுக்கு: ஆம்பின் அவுட்புட் ஓம், ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் பிரச்சினை வராது. 32 ஓமுக்கு 4 ஓம். பிளானர் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்; அவற்றின் ஓம் எங்கும் ஏறி இறங்குவதில்லை.

## 'ச', 'ஸ' எல்லாம் காதைக் குத்துகிறது

ஆம்பால் தீராது. டி.டி. 990 வாங்கிய பலரும் இதைச் சொல்வார்கள், அதன் மேல்சுரம் தூக்கலாக இருப்பது அதன் சுபாவம். ஈக்வலைசரில் 8,000 ஹெர்ட்ஸ் அருகில் 4 டெசிபல் இறக்கிப் பாருங்கள். ஜால்ரா சத்தம் இன்னும் குத்தினால் இன்னும் இரண்டு. அப்படியும் ஒத்துவராவிட்டால் விற்றுவிட்டு வேறு எடுப்பது நல்லது. "வார்ம் ஆம்ப்" என்று யாராவது விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள்.

## கரகரப்பு, உடைந்த சத்தம்

வால்யூமைப் பாதியாக்குங்கள்.

மறைந்துவிட்டால் எங்கோ ஒலி உடைகிறது. ஈக்வலைசரை அணையுங்கள். அதிலும் போகாவிட்டால், டாக்கிலிருந்து (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) ஆம்புக்கு வரும் ஒலி ஆம்ப் தாங்குவதைவிட அதிகமாக இருக்கலாம். கெயினை 'லோ'வில் போடுங்கள். ஆம்பே இல்லை, டாங்கிள்தான், முழு வால்யூமில் மட்டும் உடைகிறது என்றால் டாங்கிளின் சக்தி தீர்ந்துவிட்டது. ஆம்ப் வாங்க இது நேர்மையான காரணம்.

மறையாவிட்டால் கோப்பைக்குள் ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் ஒரு தலைமுடி. குஷனைக் கழற்றி, பஞ்சுத் துணியை எடுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். சாய்த்துப் பிடித்தால் முடி பளபளக்கும். காந்தம் ஒட்டாத சின்ன இடுக்கியால் ஓரத்தில் பிடித்து இழுங்கள். சாதாரண இரும்பு இடுக்கியை டிரைவரின் காந்தம் சட்டென்று இழுத்து மெல்லிய தகட்டில் குத்திவிடும். பிளாஸ்டிக் இடுக்கி கிடைத்தால் இன்னும் நல்லது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும். மணல் போயிருந்தால் கோப்பையைக் கவிழ்த்து முதுகில் விரலால் தட்டுங்கள். மணலில் உள்ள கருந்துகள்களில் சில காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், அவை தட்டினால் வராது.

20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் சோதனை ஒலியை மெல்லிய சத்தத்தில் போட்டால், எந்த இடத்தில் அதிர்கிறது என்று தெளிவாகத் தெரியும். சுத்தம் செய்தும் அதே இடத்தில் அதிர்ந்தால் டிரைவரில் காயில் உரசுகிறது. அதைத் திறந்து பார்ப்பது வீட்டு வேலை இல்லை.

## ஹம்மென்ற ரீங்காரம், உஸ்ஸென்ற இரைச்சல்

'உஸ்' பாட்டு இல்லாதபோதும் வந்தால் ஆம்பின் கெயின் அதிகம். குறையுங்கள். காதுக்குள் செருகும் இயர்போனை மேசை ஆம்பில் போட்டால் இது வரத்தான் செய்யும்.

'ஹம்' வேறு. லேப்டாப்பிலிருந்து சார்ஜரைப் பிடுங்குங்கள். உடனே நின்றால் சார்ஜர் வழியாக வருகிறது. இரண்டு பின் சார்ஜர் என்றால் எர்த் இல்லை. லேப்டாப்பின் உலோக உடம்பில் விரலை வைத்து நகர்த்தினால் சுருசுருவென்று இருக்கும். மூன்று பின் சார்ஜருக்கு மாறுங்கள், அல்லது கேட்கும் நேரம் பேட்டரியில் ஓட்டுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வருகிறது என்றால் இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருக்கும். கரண்ட் வரும்வரை போனில் கேளுங்கள், இதற்காக இன்வெர்ட்டரை மாற்ற வேண்டியதில்லை.

மூன்று பின் இருந்தும் ஹம் வருகிறது, ஆம்பைத் தொட்டால் சுருசுருக்கிறது என்றால் வீட்டு எர்த்தைச் சந்தேகப்படுங்கள். உப்பு மண்ணில் எர்த் குழாய் அரித்துப் போயிருக்கலாம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். ஹம் நிற்கிறதே என்று எர்த் பின்னை உடைத்துவிட்டு ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தலையில் உலோகத்தை மாட்டிக்கொண்டு செய்யும் காரியமா அது?

## பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது

பாட்டை நிறுத்திவிட்டுப் பேசிவிட்டு வந்தால் டாங்கிள் செத்துக் கிடக்கும். சில போன்களில் ஓ.டி.ஜி. இணைப்பை (வெளிக் கருவியைப் போனில் செருகிப் பயன்படுத்தும் வசதி) தனியாக ஆன் செய்ய வேண்டும். பத்து நிமிடம் பயன்படுத்தாவிட்டால் அதுவே அணைந்துவிடும். செட்டிங்கில் தேடி மறுபடி ஆன் செய்யுங்கள். டாங்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

## ஆம்ப் வாங்கியாச்சு, வித்தியாசம் தெரிகிறதா இல்லையா தெரியவில்லை

இதுவும் ஒரு கோளாறுதான், அடிக்கடி வருவது. ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலும் காதுக்கு அது "தெளிவாக", "விரிவாக"த் தோன்றும். சத்தம் கூடியது என்று தோன்றாது. கடையில் ஆம்பில் போட்டுக் காட்டும்போது பிரமாதமாகக் கேட்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே.

ஒரே ஹெட்போனில் போனையும் ஆம்பையும் ஒப்பிட, சத்தத்தைச் சமப்படுத்துங்கள். ஒய் வடிவ ஸ்ப்ளிட்டரில் ஒரு பக்கம் ஹெட்போன், இன்னொரு பக்கம் திறந்த பின் ஒன்று. 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, அந்தப் பின்னின் நுனிக்கும் அடி வளையத்துக்கும் மல்டிமீட்டரில் ஏசி வோல்ட் அளங்கள். ஹெட்போன் மாட்டியபடியே அளக்க வேண்டும். போனில் 100 மில்லிவோல்ட் என்றால் ஆம்பில் 98க்கும் 102க்கும் நடுவே கொண்டுவாருங்கள். ஏன் 1,000 ஹெர்ட்ஸ் இல்லை என்று கேட்டால், மலிவு மீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாக அளப்பதில்லை. சந்தையில் கிடைக்கும் மஞ்சள் மீட்டரில் ஏசி 200 வோல்ட்டில்தான் தொடங்கும், அது இதற்கு ஆகவே ஆகாது.

அப்புறம் தம்பியையோ தங்கச்சியையோ திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, நாணயம் சுண்டி மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னால் வித்தியாசம் நிஜம். குருட்டாம்போக்கில் அப்படி அமைய நூற்றில் ஒரு வாய்ப்புதான். ஐந்து ஆறு என்றால் ஆம்பைத் திருப்பிக் கொடுக்கும் தேதி தாண்டிவிட்டதா என்று பில்லைப் பாருங்கள்.

இரண்டு வெவ்வேறு ஹெட்போன்களை ஒப்பிடுவதற்கு இந்த வோல்ட் கணக்கு உதவாது, ஒரே வோல்ட்டில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் தரும். கெட்டி அட்டையில் போன் மைக் அளவுக்கு ஓட்டை போட்டு, கோப்பையை அதன்மேல் கவிழ்த்து, பிங்க் இரைச்சலை (எல்லாச் சுரமும் கலந்த 'உஸ்' சோதனை ஒலி) ஹெட்போனில் ஓடவிட்டு, டெசிபல் காட்டும் ஆப்பில் இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். ஆப் காட்டும் எண் உண்மையில் எவ்வளவு என்பது முக்கியமில்லை, இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால் போதும். நான் கேட்கச் சொல்வது மூன்று: தனிக் குரல், நாகசுரம், மழைச் சத்தம் போல எங்கும் நிறைந்த ஒரு பதிவு. ஒவ்வொன்றையும் அரை நிமிடத்துக்குள் மாற்றி மாற்றிக் கேளுங்கள். நேற்றுக் கேட்டதை இன்று நினைவு வைத்து ஒப்பிட்டால் ஆசைப்பட்டதுதான் ஜெயிக்கும்.

இரண்டில் எது பிடித்ததோ அதைக் கடல் பக்க ஜன்னலோரம் கொக்கியில் மாட்டாதீர்கள். மூடி உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வாடைக்காற்று தொடங்கும் ஐப்பசியில் பொட்டலத்தை மாற்றுங்கள்.